வெளிச்செல்லும் வழங்கி: பழனியப்பன்

"லைசன் எடுத்துட்டேங்க."

"என்ன லைசன்?"

"காடி ஓட்டுற லைசன். ரெண்டாவது தடவையே பாஸ். பார்க்கிங்ல ஒரு கம்பத்தைக்கூட இடிக்கல."

"ரொம்ப சந்தோசம். போட்டோஸ்டேட் எடுத்து ஃபைல்ல வை."

"இல்லங்க, அதை வச்சு உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம்னு..."

"மங்களம், வாயால கேக்குறது காத்தோட போயிடும். எதுவா இருந்தாலும் எழுத்து மூலமா கேளு. முறைன்னு ஒண்ணு இருக்கு லா."

பதினாறு ஆண்டுகளுக்கு முன், ஈப்போ நகரை ஒட்டிய ஜெலாப்பாங்கில், எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்த உரையாடல் இது. உலக நிர்வாக வரலாற்றை யாராவது நேர்மையாக எழுத முன்வந்தால் இந்த உரையாடலிலிருந்துதான் தொடங்க வேண்டும். மனித குலம் ஒழுங்காக வாழ்வதற்குக் காரணமான கண்டுபிடிப்புகள் மூன்று. ஒன்று, எழுத்து. இரண்டு, ரப்பர் சாப்பு என்கிற முத்திரை. மூன்று, என் கணவர் பழனியப்பன். முதல் இரண்டும் மூன்றாமவரின் கைக்கு வந்த பிறகே முழுமை பெற்றன என்பதை மனைவி என்ற முறையில் அல்ல, நேரில் கண்ட சாட்சி என்ற முறையில் சொல்கிறேன்.

அவர் சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தவர். அலுவலகத்தில் அவர் மேசைமேல் இரண்டு தட்டுகள் இருக்கும். ஒன்று வந்த கடிதங்களுக்கு, மற்றொன்று போகிற கடிதங்களுக்கு. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருக்குக் கூரை ஒழுகினாலும், யாருக்கு லீவு வேண்டுமென்றாலும் நேராகத் துரையிடம் போக முடியாது. மனுவின் தலையில் 'பெரிய கிராணி மூலமாக' என்று எழுதி அவரிடம் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்த மனுக்களில் எத்தனை துரையைச் சென்றடைந்தன என்று கேட்பது நாகரிகம் அல்ல. பெரிய கிராணியைச் சென்றடைந்தன. அந்தப் பெருமை போதாதா?

பிறகு ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். அவரை ஈப்போ அலுவலகத்துக்கு மாற்றினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், அறுபது வயதானதும், நிறுவனம் பாராட்டு விழா நடத்தி ஒரு கைக்கடிகாரத்தையும் அவரையும் எங்கள் வீட்டுக்கு அனுப்பி வைத்தது. கடிகாரம் அலமாரியில் அமைதியாக இருக்கிறது.

இங்கே என் கோரிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டு முன்புறக் கூரையடியில் ஒரு சின்ன வெள்ளைக் கார் நிற்கிறது. பெரிய கார் வாங்கிய நாளிலிருந்து அது நின்றுகொண்டேதான் இருக்கிறது. பேட்டரி செத்துவிடக் கூடாது என்று ஞாயிறுதோறும் அவர் அதில் ஏறி, ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, இறங்கிக் கதவைத் துடைப்பார். அந்தக் காரின் சாவி எனக்கு வேண்டும். கோப்பெங்கில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அதை நானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். இதுதான் கோரிக்கை. அதில் சிறிதாக இன்னொரு வாக்கியமும் உண்டு. உரிய இடத்தில் சொல்கிறேன்.

லைசன் வாங்கிய மறுநாளே அதை முறைப்படி எழுதி, வீட்டு மேசையிலும் அவர் வைத்திருந்த தட்டில் வைத்தேன். ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று நீல மையில் சாப்பு. சாப்பு நேராகக் கோரிக்கையின்மேலேயே விழுந்திருந்ததால், என்ன கோரிக்கை என்பது எனக்கே மறந்துவிடும் போலிருந்தது. அவருக்குத் தெரிந்திருக்க நியாயமே இல்லை. ஆனாலும் ஆண்டுதோறும் லைசனைத் தவறாமல் புதுப்பித்து வந்தேன். ஓட்டாத காருக்கு ஓட்டுநர் என்ற பதவி பேராக் மாநிலத்தில் எத்தனை பெண்களுக்கு வாய்க்கும்?

கடந்த ஆண்டு தொடக்கத்தில் எங்கள் குடும்பத்தில் நவீன யுகம் பிறந்தது. ஈப்போவில் ஒரு ஹோட்டலில் நடந்த 'எண்ணிம இல்லம்' என்ற இரண்டு நாள் பயிற்சிக்கு அவர் போய் வந்தார். மதிய உணவு அங்கேயே. கழுத்தில் அட்டை மாட்டியவாறு வீட்டுக்குள் நுழைந்தவர், அன்று இரவு தூங்கும்வரை அதைக் கழற்றவில்லை.

"இனிமே நம்ம வீட்டுல தாளே கிடையாது, மங்களம். எல்லாம் மின்னஞ்சல்."

"பால் முடிஞ்சு போச்சுன்னா?"

"மின்னஞ்சல்."

"நீங்க ஹால்ல இருப்பீங்க, நான் அடுப்படியில இருப்பேன். நடுவுல கதவுகூட இல்லையே?"

"அதான் குறை. கதவு இல்லாததால யாரு வேணும்னாலும் நேரா வந்து பேசிடுறாங்க."

கூடத்தில் அவருக்கு ஒரு புதுக் கணினி. சமையலறையில் அரிசிப் பானைக்கும் கிரைண்டருக்கும் நடுவில் எனக்கு ஒரு பழைய கணினி. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பார்த்தேன். பதினொரு எட்டு. இனி என் கடிதம் வீட்டை விட்டுக் கிளம்பி, எங்கோ கடல் தாண்டி இருக்கும் கணினிகளையெல்லாம் பார்த்துவிட்டு, திரும்பி வந்து கூடத்தில் இறங்கும். ஜெலாப்பாங்கைத் தாண்டி எங்குமே தனியாகப் போயிராத எனக்கு, என் கடிதமாவது உலகம் சுற்றும் என்பதில் மகிழ்ச்சியே.

அவருடைய கணினியில் மின்னஞ்சல் நிரலை அமைத்துக் கொடுத்தவள் அஃப்ரீன். பக்கத்துக் கடை வரிசையில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஹுசைன் அண்ணனின் மகள். அந்தக் கடையின் மாடியில் கணினிக் கடை வைத்திருக்கிறாள். அவள் அமைத்ததும் என் கணவரின் கடிதங்கள் ஒழுங்காகப் போயின, வந்தன. என் கணினிக்கு மட்டும் அவளைக் கூப்பிடவில்லை. நிர்வாகியே கையால் அமைத்துத் தர வேண்டும் என்பது அவர் விருப்பம். அஃப்ரீன் எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வருகிற கடிதங்களுக்கான விவரத்தை ஒரு புள்ளிகூடப் பிசகாமல் நிரப்பினார். சுற்றறிக்கைகள் என்னை வந்து சேர வேண்டுமே. அடுத்த கட்டத்தில் நிரல் ஒரு கேள்வி கேட்டது.

"'வெளிச்செல்லும் அஞ்சல் வழங்கி' அப்படின்னு கேக்குது."

"அப்படின்னா?"

"சர்வர். நீ எழுதுற கடிதத்தை முதல்ல வாங்கி, அப்புறம் வெளிய அனுப்பி வைக்கிறது."

"அஃப்ரீன் தாள்ல அதுக்கும் ஏதோ பேரு எழுதியிருக்காளே?"

"அது ஹால் கம்ப்யூட்டருக்கு. உன் கடிதம் இந்த வீட்டுல யாரு மூலமா வெளிய போவும்? யோசிச்சுச் சொல்லு."

"யாரு மூலமா?"

"பெரிய கிராணி மூலமா!"

அந்தக் கட்டத்தில் 'பழனியப்பன்' என்று ஆங்கிலத்தில் தட்டினார். எழுத்துப் பிழை இல்லை. அடுத்து, பாதுகாப்பு வேண்டுமா என்று கேட்டது. "நம்ம வீட்டுக்குள்ள யாருக்கு யாரு பயம்?" என்று 'வேண்டாம்' போட்டார். அனுப்புபவரின் அடையாளத்தைச் சரிபார்க்கவா என்று கேட்டது. "முப்பத்தோரு வருசமா பாக்குறேன், இன்னும் என்ன சரி பாக்குறது?" என்று அதற்கும் 'வேண்டாம்'. நிரல் எதிர்த்துப் பேசவில்லை. சேமித்துக்கொண்டது. அந்தப் பக்குவத்தை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன்.

அன்றே என் முதல் கடிதத்தை எழுதினேன். 'பொருள்: சின்னக் காரின் சாவி குறித்து.' அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன். ஒரு நீலக் கோடு ஊர்ந்தது, ஊர்ந்தது, நின்றது. ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

'பழனியப்பன் என்னும் வழங்கியுடன் தொடர்புகொள்ள முடியவில்லை. அது இயங்காமல் இருக்கலாம், அல்லது பேச மறுக்கலாம். சிறிது நேரம் கழித்து மீண்டும் முயலவும்.'

முப்பத்தோரு ஆண்டுகளாக எனக்கு இருந்த ஒரு சந்தேகத்தை, கல்யாணத்துக்குக்கூட வராத ஓர் இயந்திரம் மூன்றே வரியில் உறுதி செய்துவிட்டது.

"ஏங்க, இங்க என்னமோ வந்திருக்கு. உங்க பேரு போட்டு..."

"சுற்றறிக்கை ரெண்டைப் படி!" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

படித்தேன். 'கணினிக் கோளாறுகள் அனைத்தையும் மின்னஞ்சல் வழியாக மட்டுமே தெரிவிக்க வேண்டும். வாய்மொழிப் புகார்கள் ஏற்கப்படா.' எனவே, மின்னஞ்சல் போகவில்லை என்று முறைப்படி ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அது முதல் கடிதத்தின் பின்னால் போய் வரிசையில் நின்றது. போக வேண்டிய கடிதங்கள் காத்திருக்கும் அந்த இடத்துக்கு 'வெளிப்பெட்டி' என்று பெயர். வெளியே போகாததற்கு எவ்வளவு நம்பிக்கையான பெயர்!

வருகிற வழியில் எந்தத் தடையும் இல்லை. சுற்றறிக்கைகள் வாரம் தவறாமல் வந்தன. சாம்பாரில் போடும் முருங்கைக்காயின் நீளம் மூன்று அங்குலத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்று ஒன்று. துவைத்த துணியை நிறவாரியாகக் காயப்போடுவது பற்றி ஒன்று. 'சுற்றறிக்கைகளின் எண்ணிக்கை மிகுந்துவிட்டதா?' என்று கருத்துக் கேட்டு ஒன்று. கேட்டவுடன் கருத்தை எழுதினேன். வெளிப்பெட்டிக்குப் போனது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டில் 'பிரட்டு'. தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அதன் நவீன வடிவம். தலைவர் அவர். செயலாளர் அவர். உறுப்பினர் நான்.

"மங்களம்?"

"இருக்கேங்க."

"வருகை நூறு விழுக்காடு. போன வாரம் வந்த புகார்கள்: இல்லை. கோரிக்கைகள்: இல்லை. ஆலோசனைகள்: இல்லை. ஆக, உறுப்பினர் மனநிறைவு நூறு விழுக்காடு."

"ஒரு சந்தேகம்..."

"எழுதி அனுப்பு."

அந்த நூறு விழுக்காட்டை அவர் சுவரில் கோடு போட்டுக் காட்டினார். வாரங்கள் போனபின்னும் கோடு கீழே இறங்கவில்லை. ஓய்வு பெற்ற கிராணிமார் கூடும் சங்கத்தில் அந்தக் கோட்டைப் பற்றி ஒரு மணி நேரம் உரையாற்றினார். கேட்ட கணவன்மார் பலருக்குக் கண் கலங்கியது. சங்கம் எங்கள் வீட்டுக்குப் 'புகாரில்லா இல்லம்' என்ற விருதை வழங்கியது. கண்ணாடிச் சட்டத்தின் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ள என்னையும் மேடைக்கு அழைத்தார்கள். "ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்று யாரோ சொன்னார். ஒலிவாங்கியை நான் தொடுவதற்குள், "அவங்க கருத்தை எழுத்து மூலமா தருவாங்க" என்று அவர் விளக்கினார். பலத்த கைதட்டல்.

கூட்டம் முடிந்ததும் 'அமைக்கும் முறை' என்ற வழிகாட்டித் தாளை எல்லாருக்கும் நகலெடுத்துக் கொடுத்தார். ஆறு கணவன்மார் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், எழுத்து மாறாமல் தங்கள் மனைவிமாரின் கணினியில் ஏற்றினார்கள். கோப்பெங்கில் என் தங்கை நல்லம்மாள் வீட்டுக்காரரும் அவர்களில் ஒருவர். அடுத்த வாரம் அவள் எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, எங்க வீட்டுலயும் கம்ப்யூட்டர் வச்சாச்சு. ஆனா ஒரு கடிதமும் போவ மாட்டேங்குது. மச்சான் பேரு வருது."

"யாரு பேரு?"

"நம்ம மச்சான் பேருதான். பழனியப்பன் பேச மறுக்குறாராம். நான் என்னக்கா பண்ணேன் அவருக்கு?"

"நீ ஒண்ணும் பண்ணல தங்கச்சி. என்கிட்டயும் அப்படித்தான்."

"மறுபடியும் முயற்சி பண்ணுன்னு வேற சொல்லுது."

"பண்ணு. நான் முப்பத்தோரு வருசமா பண்றேன்."

ஆக, எங்கள் வீட்டோடு சேர்த்து ஏழு வீட்டு மனைவிமாரின் கடிதங்கள் இரவும் பகலும் உலகமெங்கும் என் கணவரைத் தேடிக்கொண்டிருந்தன. எனக்குச் சந்தேகப்படும் குணம் கிடையாது. அதனால் பெருமையாகத்தான் இருந்தது.

போகாது என்று தெரிந்த பிறகும் நான் எழுதுவதை நிறுத்தவில்லை. சொல்லப்போனால் அதன் பிறகுதான் எழுத்து நன்றாக வந்தது. சமையலறையில் மின்விசிறி வேண்டும் என்று எழுதினேன். நாற்பத்தொன்றாவது கடிதம், 'நேற்று நீங்கள் தூக்கத்தில் நிறைய இருமினீர்கள். மருந்தை மேசையில் வைத்திருக்கிறேன்' என்றது. ஐம்பத்தெட்டாவது, 'இன்று நமக்குத் திருமண நாள்' என்று மட்டும் சொன்னது. அன்று அவரிடமிருந்து வந்தது முப்பத்து மூன்றாம் சுற்றறிக்கை. வடிகால் துப்புரவு பற்றியது.

இப்படி எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருந்தபோது, போன மாதம் சுற்றறிக்கை அறுபத்தொன்று வந்தது.

'பயன்பாட்டில் இல்லாத சின்னக் கார், சுங்காயில் வசிக்கும் திரு. ஐயாவு அவர்களுக்கு விற்கப்படும். ஆட்சேபம் உள்ள உறுப்பினர்கள் வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குள் மின்னஞ்சல் அனுப்பலாம். ஆட்சேபம் எதுவும் வராவிட்டால் முழுச் சம்மதம் என்று கொள்ளப்படும்.'

ஐயாவு அண்ணன் அவரோடு தோட்டத்தில் வேலை பார்த்தவர். இப்போது கோழி வளர்க்கிறார். தீனி மூட்டை ஏற்ற வண்டி வேண்டுமாம். பின் இருக்கையைக் கழற்றிவிடப் போகிறாராம்.

அன்றே ஆட்சேபத்தை எழுதினேன். அனுப்பினேன். பழனியப்பன் இயங்காமல் இருக்கலாம், அல்லது பேச மறுக்கலாம் என்றது. மீண்டும் அனுப்பினேன். மறுத்தார். பதினாறு ஆண்டுகளாகப் புதுப்பித்த லைசனை எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்த படத்தில் எனக்கு ஒரு நரைகூட இல்லை.

சனிக்கிழமை காலை ரோத்தி சானாய் வாங்கும் சாக்கில் ஹுசைன் அண்ணன் கடைக்குப் போய், மாடிப்படி ஏறினேன். அஃப்ரீன் ஒரு கணினியின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அஃப்ரீன், எங்க வீட்டு சர்வர் பேசவே மாட்டேங்குதும்மா."

"எந்த சர்வர்க்கா? பேரு ஏதாச்சும் காட்டுதா?"

"காட்டுது. பழனியப்பன்."

அவள் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது. "அலாமாக்! அண்ணன் பேரா? சர்வர் இடத்துலயா?"

"பெரிய கிராணி மூலமா போவணுமாம்."

"எத்தனை மாசமாக்கா இப்படி?"

"பதினொரு மாசம். அதுக்கு முன்னாடி தாள்ல."

சிரிக்கத் தொடங்கியவள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள வாரேன்க்கா. பத்தே நிமிச வேலை."

ஞாயிற்றுக்கிழமை. ஒன்பதரைக்கே ஐயாவு அண்ணன் பஸ் பிடித்து வந்துவிட்டார். திரும்பிப் போகக் காரில் போகலாம் என்ற தெம்பு. கூடத்தில் உட்கார்ந்து என் கையால் காப்பி வாங்கிக் குடித்தார்.

"பின் சீட்டைக் கழட்டினா பதினஞ்சு மூட்டை புடிக்கும், என்ன தங்கச்சி?"

"எனக்குத் தெரியாதுண்ணே. நான் அதுல முன்னாடிகூட உக்காந்து பல வருசம் ஆச்சு."

மணி பத்தடித்தது. அஃப்ரீனைக் காணவில்லை. அவர் தன் கணினியில் பார்த்தார். ஒரு முறை தட்டிப் பார்த்தார். எழுந்து நின்று அறிவித்தார்.

"ஆட்சேபங்கள்: இல்லை. உறுப்பினர் முழுச் சம்மதம். பார்த்தியா ஐயாவு? உன் வீட்டுல ஒரு கோழியை வித்தாக்கூட உன் பெஞ்சாதி எவ்வளவு சத்தம் போடுவா? இங்க ஒரு காடி போவுது, மூச்சு விடல!"

"குடுத்து வச்சவன்டா நீ" என்றார் ஐயாவு அண்ணன்.

பத்து பத்துக்கு அஃப்ரீன் ஓடிவந்தாள். "மன்னிச்சிருங்கக்கா, அத்தா கடையில கூட்டம்!" என்று நேராகச் சமையலறைக்குள் போய் உட்கார்ந்தாள். அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். வெளிச்செல்லும் வழங்கிகள் என்ற பட்டியலில் என் கணவர் தன்னந்தனியாக வீற்றிருந்தார். அவள் அவர்மேல் சொடுக்கினாள். 'நீக்கு' என்ற பொத்தானை அழுத்தினாள். நிரல் ஒரு பெட்டியைக் காட்டியது: 'பழனியப்பனை நிரந்தரமாக நீக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறீர்களா?'

அஃப்ரீன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, நீக்கிடவா?"

யோசிக்கச் சற்று அவகாசம் கேட்டேன்.

"நீக்காம திருத்த முடியாதாம்மா?" என்றேன் கடைசியில்.

"போலே லா அக்கா, முடியும். திருத்தலாம். கொஞ்சம் வேலை, அவ்வளவுதான்."

'வேண்டாம்' என்று அழுத்திவிட்டு 'திருத்து' என்பதை அழுத்தினாள். பெயருக்கான கட்டத்தில் உண்மையான வழங்கியின் பெயரைப் போட்டாள். "போர்ட் நம்பர் ஐநூத்தி எம்பத்தேழு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூடத்திலிருந்து ஐயாவு அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஐநூத்தி எம்பத்தேழா? முன்னால ஒரு நம்பர் சேத்தா நாலு நம்பர் லாட்டரிக் கடையில எழுதலாம் போலிருக்கே. தங்கச்சி, பேனா இருக்கா?"

பாதுகாப்பு வேண்டும் என்று போட்டாள். அடையாளம் சரிபார்க்க வேண்டும் என்று போட்டாள். "கடவுச்சொல்லை நீங்களே தட்டுங்கக்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தட்டினேன். 'காத்திருக்கும் கடிதங்களை அனுப்பு' என்பதை அழுத்தினேன்.

நீலக் கோடு ஊர்ந்தது. நிற்கவில்லை.

கூடத்தில் 'டிங்' என்று ஒரு மணி கேட்டது.

"ஆ! கடிதம் வருது!" என்றார் அவர்.

டிங். டிங். டிங். டிங்.

"என்னடா இது, கோயில் மணியாட்டம்?" என்றார் ஐயாவு அண்ணன்.

"சும்மா இரு லா! எண்ண விடு!" அவர் குரலில் அப்படி ஓர் ஆனந்தத்தை எங்கள் திருமணத்தன்றுகூட நான் கேட்டதில்லை. "அம்பது... எம்பது... நூத்தி இருவது... நூத்தி நாப்பத்தி மூணு! மங்களம், ஒரே காலையில நூத்தி நாப்பத்தி மூணு! எந்த ஆபீஸ்லயும் இப்படி வந்ததில்ல! சங்கத்துல சொல்லணும்!"

"என்ன எழுதியிருக்குன்னு பாருங்களேன்" என்றேன் சமையலறை வாசலில் நின்று.

"முதல்ல பதிவு பண்ணணும். அப்புறம் வரிசை எண் போடணும். படிக்கிறதெல்லாம் கடைசி."

"அதுல காடி ஆட்சேபம் ஒண்ணு இருக்குங்க. அதை மட்டும் பாருங்க."

கண்ணாடியை இறக்கிக்கொண்டு தேடினார். தலைப்பைக் கண்டுபிடித்தார். திறக்கவில்லை. நேரத்தைப் பார்த்தார்.

"வந்து சேர்ந்தது பத்து பத்தொம்பது. காலக்கெடு பத்து."

"எழுதுனது திங்கக்கிழமைங்க."

"எழுதுன தேதி முக்கியமில்ல மங்களம். வந்து சேர்ந்த தேதிதான் முறை. ஏத்துக்க முடியாது. வேணும்னா மேல்முறையீடு பண்ணு. பதினாலு வேலை நாள்ல பதில் வரும்."

"அதுக்குள்ள காடி சுங்காய் போயிடுமே?"

"அதையும் மேல்முறையீட்டுல குறிப்பிடு."

மேசை இழுப்பறையைத் திறந்தார். சாவியை எடுத்தார். சிறிய சாவி. அதில் ஒரு அட்டை கட்டி, அட்டையில் எண் எழுதி, எண்ணின்மேல் சாப்பு வைத்திருந்தார். ஐயாவு அண்ணன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

என் கணவரின் நிர்வாகத்தில் குறை சொல்ல இந்தக் கணம்வரை எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. வருகிற வழி திறந்திருந்தது. போகிற வழியும் இப்போது திறந்துவிட்டது. உலகத்தின் மிக நல்ல வழங்கி என் கடிதங்களைக் கடல் தாண்டிக் கொண்டுபோய், ஒன்றுகூடச் சிந்தாமல் அவர் மூக்குக்கு முன்னால் இறக்கியிருந்தது. இனி இயந்திரத்தால் செய்யக் கூடியது ஒன்றும் மிச்சமில்லை.

அரிசிப் பானையின் மூடிக்கடியிலிருந்து லைசனை எடுத்தேன். நடந்தேன். பதினொரு எட்டு என்று சொன்னேன் அல்லவா? ஒன்பதுதான் ஆனது. மேசையில் சாப்பு மைப்பெட்டியின்மேல் லைசனை வைத்தேன்.

"மங்களம், எதுவா இருந்தாலும் எழுத்து..."

"எழுதியாச்சுங்க. நூத்தி நாப்பத்தி மூணு அங்க கிடக்கு. இது நூத்தி நாப்பத்தி நாலு, வாயால வாரது. முப்பத்திரெண்டு வருசமா நான் சொன்னதெல்லாம் உங்க மூலமாத்தான் போயிருக்கு. ஒண்ணுகூட உங்ககிட்ட வந்து சேரல." கையை நீட்டி, பதினாறு ஆண்டுகளாகச் சாப்புக்கடியில் கிடந்த கோரிக்கையை, அந்தச் சின்ன வாக்கியத்தையும் சேர்த்துச் சொன்னேன். "சாவியைக் குடுங்க. கோப்பெங்குக்கு நான் ஓட்டுறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க."